வினாத்தாளில் மட்டும் மிஞ்சிய வெளிக்களம்

வடக்கில் உயர்தரத்தில் உயிரியல் படித்த எவருக்கும் தொண்டைமானாறு வெளிக்கள நிலையத்தைத் தெரியும். தெரிந்திருப்பது அதன் வினாத்தாள்களால். ஆனால் பெயரை ஒருமுறை நிதானமாக வாசித்துப் பாருங்கள். பரீட்சை நடத்துவதற்காக யாரும் ஒரு நிலையத்துக்கு 'வெளிக்களம்' என்று பெயர் வைக்க மாட்டார்கள். மாணவர்களைக் கரைக்கும் நீரேரிக்கும் அழைத்துச் சென்று, செடிகளையும் உயிரினங்களையும் அவை வாழும் இடத்திலேயே படிப்பிக்கும் எண்ணம் அந்தப் பெயரிலேயே இருக்கிறது.

போரில் கடற்கரைகளும் பற்றைகளும் கண்ணிவெடிக்கும் உயர் பாதுகாப்பு வலயத்துக்கும் போயின. களம் போனது, வினாத்தாள் நின்றது. நெருக்கடிக் காலத்தில் அந்த வினாத்தாள்கள் செய்த சேவையைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் 2009இற்குப் பிறகு பாதைகள் திறந்தும் நாங்கள் வகுப்பறையை விட்டு வெளியே வரவில்லை. நான் பாடசாலையில் படித்த காலம் முழுவதும் ஒரு செவ்வரத்தம் பூவைப் பிரித்துப் பார்த்தது ஒரே ஒரு தடவைதான். அதுவும் நாற்பது பேருக்கு ஒரு பூ.

தொண்டைமானாற்றை ஏன் தெரிவு செய்தார்கள் என்பது அங்கே போனால் விளங்கும். நீரேரி கடலைச் சந்திக்கும் இடம் அது. உவர்நீர் உள்ளே வராமல் தடுக்க அணை கட்டியிருக்கிறார்கள். நடந்துபோகும் தூரத்துக்குள் கடல் மணல், உவர்நிலம், நீரேரிக்கரை என்று நிலம் மாறிக்கொண்டே போகிறது.

மணலில் அடம்பன் கொடியை இழுத்துப் பாருங்கள், இலகுவில் வராது. கணுவுக்குக் கணு வேர் விட்டிருக்கும். 'அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு' என்பதை மேடைதோறும் கேட்கிறோம். அந்த மிடுக்கு எங்கிருந்து வருகிறது என்று மண்ணைக் கிளறிப் பார்த்தவர்கள் குறைவு. பக்கத்திலேயே இராவணன் மீசை. அதன் பெண் பூந்தலை முள்ளுப் பந்துபோல காற்றில் உருண்டு வித்துப் பரப்பும். ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. வீட்டு வளவில் நிற்கும் பனையும் அப்படித்தானே என்று ஒரு பிள்ளை கேட்டுவிட்டால் அன்றைய பாடம் முடிந்தது.

குடாநாட்டு நீரேரிக் கரைகளில் நிற்கும் கண்ணா மரத்தின் இலையை நக்கிப் பார்த்தால் உப்புக் கரிக்கும். உறிஞ்சிய உப்பை இலையால் வெளியேற்றும் மரம் அது. அடியில் சேற்றைப் பிளந்துகொண்டு பென்சில் பென்சிலாக வேர்கள் மேலே வந்திருக்கும், காற்றுக்காக. 'உவர்நிலத் தாவரங்களின் இசைவாக்கங்கள்' என்று கொப்பியில் எழுதிப் பாடமாக்குவது இதைத்தான்.

வேலியோரத்திலும் களம் உண்டு. 1987இல் வந்த இந்திய அமைதிப்படை கொண்டுவந்த ஆடுகளுடன் பாதீனியம் இங்கு வந்தது என்பது பரவலான கருத்து. அதன் ஒரு 'பூ' உண்மையில் பல சிறு பூக்களின் கூட்டம். கைவில்லையால் பார்த்தால் ஓரத்தில் ஐந்து சிறு பூக்கள் தனியாகத் தெரியும். ஒரு செடியே ஆயிரக்கணக்கில் வித்து விடும். எனவே பூக்குமுன் பிடுங்க வேண்டும். அதற்கு, பூ இல்லாமல் இலை நிலத்தோடு படர்ந்திருக்கும் பருவத்திலேயே அதை அடையாளம் காண வேண்டும். பாடப்புத்தகப் படத்தை வைத்து அதைச் செய்ய முடியாது. தோட்டக்காரரின் பிள்ளைக்கு இது புள்ளிக் கணக்கல்ல, வயிற்றுக் கணக்கு. தொட்டால் தோல் கடிக்கும், கையுறை கட்டாயம்.

செலவு என்று பார்த்தால் கைவில்லை, பிளேட், கொப்பி, பழைய பத்திரிகைகள் போதும். செடியைப் பத்திரிகைத் தாள்களுக்கிடையே வைத்துப் பாரமேற்றி, நாளுக்கு நாள் தாளை மாற்றிக் காயவைத்தால் பாடசாலைக்கென ஓர் உலர்தாவரத் தொகுப்பு சேர்ந்துவிடும்.

தட்டுப்பாடு நேரத்துக்குத்தான். உயர்தர உயிரியலில் 50 பல்தேர்வு வினாக்கள், பிறகு அமைப்புக் கட்டுரை, கட்டுரை. எல்லாமே எழுத்தில். செடியைத் தொட்டதற்குத் தனிப் புள்ளி கிடையாது. சனி, ஞாயிறு ரியூசனுக்குப் போய்விடுகிறது. போதாக்குறைக்கு, கார்த்திகைப் பூ வேலிகளில் ஏறி, இலை நுனியையே சுருள் பற்றுக்கம்பியாக்கிப் படரும் மாரி மாதங்கள்தான் ஆண்டிறுதிப் பரீட்சை மாதங்களும். அந்தப் பூ மஞ்சளிலிருந்து சிவப்புக்கு மாறுவதைப் பார்க்க, ஒரே வேலிக்குச் சில நாட்கள் தொடர்ந்து போக வேண்டும்.