வைரத்துக்கும் உண்டு சேதாரம்

நகைக்கடை பில்லில் 'செய்கூலி, சேதாரம்' என்று இரண்டு வார்த்தைகள் இருக்கும். தங்கத்தில் போகிற கொஞ்ச சேதாரத்துக்கே நம் வீடுகளில் எவ்வளவு பேரம் நடக்கிறது! வைரத்தில் பாதிக் கல் தூளாகப் போவது சாதாரண விஷயம். அந்தப் பாதியை இழக்கலாமா, கூடாதா? வைர வெட்டுகளின் வரலாறே இந்தக் கேள்வியில்தான் அடங்கியிருக்கிறது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். வடிவம் வேறு, வெட்டு வேறு. வட்டம், சதுரம், பேரிக்காய் என்று மேலிருந்து பார்த்தால் தெரிவது வடிவம். பட்டைகள் எத்தனை, எந்தக் கோணத்தில் தீட்டப்பட்டிருக்கின்றன என்பது வெட்டு.

பூமியில் கிடைக்கும் பல வைரங்கள், இரண்டு பிரமிடுகளை அடியோடு அடி ஒட்டியது போல எட்டு முகங்களோடு இருக்கும். ஆரம்பத்தில் அந்த முகங்களைத் தேய்த்து மெருகேற்றியதோடு சரி. பிறகு மேல்நுனியைத் தேய்த்துத் தட்டையாக்கினார்கள். அது 'டேபிள் கட்'. அடிப்பக்கம் தட்டை, மேலே குவிமாடம் போல முக்கோணப் பட்டைகள் என்று அடுத்து வந்தது 'ரோஸ் கட்'. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவில் 'பிரில்லியன்ட் கட்' வந்தது. மேலே நுழையும் ஒளி, கீழே உள்ள சரிவுப் பட்டைகளில் பட்டு மறுபடியும் மேலேயே திரும்புகிறது. ஜொலிப்பு அபாரம், ஆனால் சேதாரமும் அதிகம்.

இந்தியாவில் முகலாயர் காலத்தில் கல்லின் எடைக்குத்தான் மதிப்பு. கல்லின் இயற்கை உருவத்தை ஒட்டியே சிறு சிறு பட்டைகள் போடுவார்கள். 1665ல் ஔரங்கசீப்பின் அரண்மனையில் ஒரு பெரிய வைரத்தைப் பார்த்த பிரெஞ்சு வியாபாரி தவெர்னியே, அதன் கதையை எழுதி வைத்திருக்கிறார். சுமார் 787 காரட் கல்லை வெனிஸ்காரரான போர்ஜியோ தேய்த்துத் தேய்த்து 280 காரட் ஆக்கிவிட்டாராம். கூலி கிடைக்கவில்லை, 10,000 ரூபாய் அபராதம்தான் கிடைத்தது!

இதே அளவு சேதாரத்தில் இன்னொருவர் கோடீஸ்வரர் ஆனார். அவர் நம்ம சென்னை புனித ஜார்ஜ் கோட்டையின் கவர்னர் தாமஸ் பிட். கோல்கொண்டா பகுதியில் கிடைத்த 410 காரட் கல்லை, ஜாம்சந்த் என்ற வியாபாரியிடம் 48,000 பகோடாவுக்கு (சுமார் 20,400 பவுண்டு) வாங்கினார். 1702ல் மகன் ராபர்ட் மூலம் இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கே 1704 முதல் 1706 வரை பிரில்லியன்டாக வெட்டினார்கள். மிஞ்சியது சுமார் 141 காரட். மூன்றில் இரண்டு பங்கு போயே போச்சு! ஆனால் 1717ல் பிரான்ஸின் ஆட்சிப் பொறுப்பாளர் அதை 1,35,000 பவுண்டுக்கு வாங்கினார். 'ரீஜன்ட்' என்ற பெயரில் இன்று லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பிட் குடும்பமும் உயர்ந்தது. பேரன் இங்கிலாந்தின் பிரதமரே ஆனார்.

காமர்ஸ் படிக்கிறவன் கண்ணில் இது நல்ல லாபக் கணக்கு. ஆனால் எல்லாச் சேதாரத்தையும் லாப நஷ்டக் கணக்கில் எழுதிவிட முடியாது. கோஹினூரைப் பாருங்கள்.

1849ல் பஞ்சாபைப் பிடித்த ஆங்கிலேயர்கள், 10 வயது மகாராஜா துலீப் சிங்கிடம் கையெழுத்து வாங்கி கோஹினூரை எடுத்துக்கொண்டார்கள். 1851ல் லண்டன் கண்காட்சியில் வைத்தார்கள். கூட்டம் அலைமோதியது, பார்த்தவர்களுக்கோ ஏமாற்றம். ஒளியே இல்லையே! இந்திய வெட்டு வேறு ரசனைக்கானது என்று யாரும் யோசிக்கவில்லை. 1852ல் ஆம்ஸ்டர்டாமிலிருந்து கைதேர்ந்தவர்களை வரவழைத்து, நீராவி இயந்திரம் வைத்து 38 நாட்கள் தேய்த்தார்கள். செலவு 8,000 பவுண்டு. 186 காரட் கல் 105.6 காரட் முட்டை வடிவ பிரில்லியன்ட் ஆனது. இன்று கோஹினூரைத் திருப்பிக் கொடு என்று கேட்கிறோம். ஒருவேளை கொடுத்தாலும், இங்கிருந்து போன அந்த வடிவத்தை யாராலும் திருப்பித் தர முடியாது.

பிறகு 1919ல் மார்செல் டோல்கோவ்ஸ்கி, ஒளி நன்றாகத் திரும்புவதற்கான கோணங்களைக் கணக்குப் போட்டுப் புத்தகமாக வெளியிட்டார். இன்றைய 57 அல்லது 58 பட்டை வட்ட வைரத்துக்கு அதுவே அடிப்படை. சதுரமான 'பிரின்சஸ் கட்' பிரமிடு உருவத்துக்குப் பொருந்துவதால் சேதாரம் குறைவு. ஒரே தரத்தில் வட்டத்தைவிட விலையும் பொதுவாகக் குறைவு. நீளப் பட்டைகள் படிப்படியாக இறங்கும் 'எமரால்ட் கட்'டில் ஜொலிப்பு குறைவு. கண்ணாடி போல உள்ளே தெரிவதால் கல்லின் குறைகளையும் அது மறைக்காது.

இப்போது உலகின் பெரும்பாலான வைரங்கள் பட்டை தீட்டப்படுவது நம் சூரத்தில்தான். எங்கே வெட்டினால் எவ்வளவு மிஞ்சும் என்று கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுச் சொல்கிறது. எடையா, ஒளியா என்ற கேள்வி மட்டும் அன்று போர்ஜியோ முன்னால் இருந்த அதே கேள்விதான். ஒன்று நிச்சயம். வெட்டியதை மறுபடி ஒட்ட முடியாது.