எக்கோலிங்க்

எக்கோலிங்க், உரிமம் பெற்ற அமெச்சூர் வானொலியாளர்களாகிய ஹாம்கள் தங்கள் நிலையங்களை இணையத்தின் வழியே இணைத்துப் பேசுவதற்கான இலவச மென்பொருள். கே1ஆர்எஃப்டி என்ற அழைப்புக்குறியுடைய அமெரிக்க ஹாம் ஜோனதன் டெய்லர் இதை எழுதி 2002-இல் வெளியிட்டார். விண்டோஸ் கணினிக்காக எழுதப்பட்டது. பின்னர் கைபேசிச் செயலிகளும் வந்தன.

ஹாம்கள் அன்றாடம் பேசும் 144 மெகாஹெர்ட்ஸ் பட்டையின் அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் செல்பவை. மலையுச்சியிலோ உயர்ந்த கட்டடத்திலோ நிற்கும் ரிப்பீட்டர் வாங்கித் திருப்பி அனுப்பினாலும் அவற்றின் எட்டுதூரம் சில பத்து கிலோமீட்டர்தான். கண்டம் தாண்ட வேண்டுமானால் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பும் குறுஅலை வேண்டும். அதற்கு நீளமான ஆன்டெனாவும், அதைக் கட்ட மொட்டைமாடி உரிமையும், சூரியனின் தயவும் வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்பில் வாடகைக்கு இருக்கும் ஹாமுக்கு முதலிரண்டும் எளிதில் வாய்ப்பதில்லை. எக்கோலிங்கில் அவர் கைக்கருவியால் உள்ளூர் ரிப்பீட்டரை எட்டினால் போதும். குரல் அங்கே இணையத்தில் ஏறி, வேறொரு நாட்டு ரிப்பீட்டரில் இறங்கி, மீண்டும் வானலையாகப் பரவும்.

முன்னோடிகள்

இந்த வழியை முதலில் போட்டது எக்கோலிங்க் அல்ல. கனடாவின் வான்கூவரில் டேவிட் கேமரன் 1997-இல் ஐஆர்எல்பி என்ற அமைப்பைத் தொடங்கினார். அது லினக்ஸ் கணினியில் ஓடியது. ஜான் வாக்கரின் ஸ்பீக் ஃப்ரீலி என்ற இணையப் பேச்சு மென்பொருளைத் திருத்திப் பயன்படுத்தியது. அதில் ஒரு கண்டிப்பு இருந்தது: இரண்டு முனையிலும் வானொலிக் கருவி இருந்தாக வேண்டும், கணினி முன் அமர்ந்து மைக்கில் பேசி நுழைய முடியாது. பிரிட்டனைச் சேர்ந்த கிரேம் பார்ன்ஸின் ஐலிங்க் அந்தக் கதவைத் திறந்துவிட்டது. எக்கோலிங்க் ஐலிங்குடன் ஒத்துப்போகும் மென்பொருளாகத்தான் தொடங்கியது. விரைவிலேயே அதை முந்திச் சென்றது.

செயல்படும் விதம்

பயனர் மென்பொருளைத் திறந்ததும் அது மைய முகவரி வழங்கியில் பதிவாகி, அப்போது இணைப்பில் இருப்பவர்களின் பட்டியலைக் கொண்டுவரும். அழைப்புக்குறியின் வாலைப் பார்த்தே எதிரே இருப்பது என்ன என்று தெரிந்துகொள்ளலாம். எல் என்று முடிந்தால் ஒரே அதிர்வெண்ணில் இயங்கும் இணைப்பு நிலையம். ஆர் என்று முடிந்தால் ரிப்பீட்டர். வால் இல்லையேல் கணினியிலோ கைபேசியிலோ இருக்கும் தனியாள். இருபுறமும் நட்சத்திரக் குறி இருந்தால் பலர் ஒருங்கே கூடும் கலந்துரையாடல் அறை. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிலைய எண் உண்டு. ரிப்பீட்டர் வழியே வருபவர் கைக்கருவியின் எண்பலகையில் அந்த எண்ணை அழுத்தினால், அதன் தொனிகளைக் கேட்டு அந்த ரிப்பீட்டரோடு இணைந்த கணினி இணைப்பை உண்டாக்கும். 9999 என்பது சோதனை எண்: பேசியதை அப்படியே திருப்பி ஒலிக்கும். புதியவர் தம் ஒலி அளவைச் சரிபார்த்துக்கொள்ள இதைவிட நல்ல இடமில்லை.

குரல் ஜிஎஸ்எம் முறையில் சுருக்கப்பட்டு நொடிக்கு ஏறத்தாழ 13 கிலோபிட் அளவில் செல்கிறது. தொலைபேசிக் கம்பியில் டயல் செய்து இணையம் பெற்ற காலத்துக்கு ஏற்ற சிக்கனம் அது. பயனரைப் பெரிதும் அலைக்கழித்தது ஒலித்தரம் அல்ல, ரவுட்டர். ஒலி யுடிபி 5198, 5199 ஆகிய வாயில்கள் வழியே வருகிறது. அவை மூடியிருந்தால் பட்டியல் கண்ணுக்குத் தெரியும், இணைப்பு மட்டும் கிடைக்காது. வாயிலைத் திறக்க இயலாதவர்களுக்காகவே இடைநிலைப் பிராக்ஸி வழங்கிகள் வந்தன.

இணைப்பு நிலையம் நடத்துபவர் கணினியின் ஒலி அட்டையையும் வானொலிக் கருவியையும் ஓர் இடைமுகச் சுற்றால் இணைக்கிறார். இணையத்திலிருந்து குரல் வந்ததும் கருவி தானே ஒலிபரப்பத் தொடங்கும். ஆளில்லாத நேரத்திலும் இது நடப்பதால் அரசுகள் இதில் கவனமாக இருந்தன. பிரிட்டனில் இத்தகைய நிலையத்துக்கு நெடுங்காலம் தனி அனுமதி பெற வேண்டியிருந்தது.

உரிமச் சரிபார்ப்பு

எக்கோலிங்கில் சேர விரும்புவோர் வானொலி உரிமத்தின் நகலைக் காட்டிச் சரிபார்ப்புப் பெற வேண்டும். இந்தியாவில் மத்தியத் தொலைத்தொடர்புத் துறை வழங்கும் உரிமம் அது. பொதுநிலை உரிமத்தாரின் அழைப்புக்குறி வியு2 என்றும், வரையறுக்கப்பட்ட நிலையினருடையது வியு3 என்றும் தொடங்கும். கணினிக்குக் கணினி பேச எதற்கு வானொலி உரிமம் என்று கேட்பவர்கள் உண்டு. எதிரே இருப்பது ரிப்பீட்டராக இருந்தால் பேசுபவரின் குரல் இன்னொரு நாட்டின் வானில் ஒலிபரப்பாகிறது. உரிமமில்லாத குரல் அங்கே போய்விடக்கூடாது. காரணம் அவ்வளவே.

குரல் ரிப்பீட்டர் வழியே வானில் ஒலிபரப்பாவதிலிருந்தே பேச்சு ஒழுங்கும் பிறக்கிறது. ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். ஒருவர் முடித்ததும் மற்றவர் ஓரிரு நொடி பொறுத்தே பொத்தானை அழுத்த வேண்டும்; இணையத் தாமதமும், ரிப்பீட்டர் ஓய எடுத்துக்கொள்ளும் நேரமும் அந்த இடைவெளியில் அடங்கும். தொலைபேசிப் பழக்கத்தில் உடனுக்குடன் பதில் சொல்பவரின் முதல் சொற்கள் அறுந்துபோகும்.

இது வானொலியா?

எக்கோலிங்கைப் பற்றிய வாக்குவாதத்துக்கும் அதன் வயதேதான். கடலைத் தாண்டியது கேபிள், அலை அல்ல. ஆகவே இது சாதனையாகாது என்பது குறுஅலை மூத்தோரின் வாதம். அமெரிக்க ஹாம் சங்கமான ஏஆர்ஆர்எல், 100 நாடுகளையும் ஆட்சிப் பகுதிகளையும் தொடர்புகொண்டவர்களுக்குத் தரும் டிஎக்ஸ்சிசி விருதுக்கு ரிப்பீட்டர் வழித் தொடர்புகளையே ஏற்பதில்லை. இணைய வழிக்கு அங்கே இடமே இல்லை. விருதைப் பொறுத்தவரை இது நியாயம். ஆனால் எக்கோலிங்க் பயனர்களில் பெரும்பாலோர் விருதுக்காக வருவதில்லை, பேச வருகிறார்கள். திரையில் குறுஅலைப் பட்டையை வரைந்து காட்டி, ஒரு மில்லிவாட்கூட வானில் விடாத சிக்யூ100 போன்ற மென்பொருளோடு இதை ஒரே தட்டில் வைப்பதும் பொருந்தாது.

பேரிடர்க் காலத்தில் கேள்வி வேறு. அட்லாண்டிக் சூறாவளிகளின்போது டபிள்யூஎக்ஸ் டாக் என்ற எக்கோலிங்க் அறையும் ஓர் ஐஆர்எல்பி அறையும் ஒன்றாக இணைக்கப்பட்டு, புயல் பாதையில் உள்ள ஹாம்கள் சொல்லும் காற்று, மழை விவரங்கள் மயாமியின் தேசியச் சூறாவளி மையத்திலுள்ள ஹாம் நிலையத்துக்குச் சேர்க்கப்படுகின்றன. இணையம் பிழைத்திருக்கும் இடங்களிலிருந்துதான் இப்படிச் செய்தி வரும். 2004 டிசம்பர் சுனாமியில் அந்தமானின் தொலைத்தொடர்பு அறுந்தபோது போர்ட் பிளேரிலிருந்து ஹாம் பாரதி பிரசாத் செய்திகளை அனுப்பியது குறுஅலையில்தான்.

பின்வந்தவை

ஜிம் டிக்சன் உருவாக்கிய ஆல்ஸ்டார்லிங்க் மேம்பட்ட ஒலித்தரம் தந்தது. யேசு நிறுவனம் வயர்ஸ் என்ற தன் அமைப்பைக் கொண்டுவந்தது. ஜப்பானிய ஹாம் சங்கத்தின் டி-ஸ்டாரும், தொழில்துறையிலிருந்து வந்த டிஎம்ஆரும் குரலைக் கைக்கருவியிலேயே எண்முறையாக்கி இணையத்தில் விடுகின்றன. இவற்றைப் பயன்படுத்தும் ஹாம்கள் பலர் இன்று ரிப்பீட்டரைத் தேடுவதும் இல்லை. ராஸ்பெரி பை கணினியில் பொருத்திய, 10 மில்லிவாட் அளவே திறனுள்ள ஹாட்ஸ்பாட் ஒன்று மேசைமேல் இருக்கிறது. அவர்களின் வானொலி அலை கடக்க வேண்டிய தொலைவு அந்த அறையின் நீளம்.