ஏற்காட்டோடு தொடர்புடைய இரு தொகுப்புகள்: இடக்குறிப்பும் வரலாற்றுச் சான்றும்

முன்னுரை

சேர்வராயன் மலையின் வரலாறு பெரும்பாலும் 1820களில், சேலம் மாவட்ட ஆட்சியர் எம்.டி. காக்பர்ன் காப்பிப் பயிரை அறிமுகப்படுத்திய நிகழ்விலிருந்தே எழுதப்பெறுகிறது. அதற்கு முற்பட்ட மலைவாழ்வை அறியக் கல்லும் வாய்மொழியும் இன்றியமையாச் சான்றுகளாகும். தமிழகத்தின் வாய்மொழியைத் தொகுத்த பீட்டர் பெர்சிவலும், கற்கருவிகளைத் தொகுத்த இராபர்ட் புரூஸ் ஃபூட்டும் ஏற்காட்டோடு தொடர்புடையவர்கள். மாமனும் மருமகனும் ஆவர். இவ்விருவர் தொகுப்புகளும் பதிவுமுறையில் வேறுபடுமாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

பழமொழித் தொகுப்பு

யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரின் துணையுடன் விவிலியத்தை மொழிபெயர்த்த பெர்சிவல், பின்னர்ச் சென்னை மாநிலக் கல்லூரியில் பேராசிரியரானார்; 1882இல் ஏற்காட்டில் மறைந்தார். அவரது தமிழ்ப் பழமொழித் தொகுப்பின் 1874ஆம் ஆண்டுப் பதிப்பு, ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பழமொழிகளை ஆங்கில மொழிபெயர்ப்புடன் தருகிறது. ஆயின் எப்பழமொழி எவ்வூரில், யாரிடம் கேட்கப்பட்டது என்னும் குறிப்பு அதில் இல்லை. எனவே அது மொழியாய்வுக்குப் பெருஞ்சான்றாயினும் வட்டார வரலாற்றுக்கு அரிதாகவே பயன்படுகிறது.

கற்கருவித் தொகுப்பு

1858இல் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையில் சேர்ந்த ஃபூட், 30.05.1863 அன்று பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டறிந்தார். அவர் பல்லாண்டுகள் திரட்டிய கற்கருவிகள், பானையோடுகள், சங்கு வளையல் துண்டுகள் முதலியன 1904இல் சென்னை அரசு அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. அவர் 1912இல் மறைந்தபின், 1914இல் விளக்கப் பட்டியலும் 1916இல் காலம், பரவல் பற்றிய குறிப்புகளும் வெளிவந்தன. பொருள்கள் எண்ணிடப்பட்டு, கிடைத்த இடத்துடன் பதிவுபெற்றிருத்தலே இத்தொகுப்பின் தனிச்சிறப்பு.

கோயிற் கற்கோடரிகள்

எனினும், இடப்பெயர் மட்டுமே போதிய சான்றாகாது. சேர்வராயன் மலையில் புதிய கற்கால மெருகேற்றிய கோடரிகளை மலையாளிப் பழங்குடியினர் பிள்ளையார் கோயில்களில் வைத்து வழிபட்டு வந்துள்ளனர். அத்தகைய கோடரி கோயிலுக்குரியது. அது புதைந்திருந்த நிலம் வேறு. உழும்போது கண்டெடுத்தவர் யார், எங்கிருந்து கொணர்ந்தார், ஏன் வழிபட்டார் என்பன அவ்வூரார் நினைவில் மட்டுமே நிலைபெறுவன. கருவியாகவும் தெய்வமாகவும் அக்கல் பெற்ற இரு வாழ்வுகளுள் அருங்காட்சியக எண் முன்னதையே பெரிதும் காட்டுகிறது.

முடிவுரை

பெர்சிவல் சொல்லைக் காத்தார், அதன் இடம் பதிவாகவில்லை. ஃபூட் இடத்தையும் காத்தார், கல்லைப் பற்றிய ஊராரின் சொல் பெரும்பாலும் பதிவாகவில்லை. மலைக்கோயில்களில் எஞ்சியுள்ள கற்கோடரிகளை அவ்விடத்திலேயே வைத்து, அவை பற்றிய வழக்காறுகளை ஊர், சொன்னவர், நாள் ஆகியவற்றுடன் பதிவுசெய்தல் வேண்டும். அவ்வாறு செய்யின் கல்லும் சொல்லும் ஒன்றையொன்று விளக்கும் சான்றுகளாகும்.