சொகுசுப் பயணியர் (பாலக்காடு – இடுக்கி)

தமிழக எல்லையை ஒட்டிய இவ்விரு கேரள மாவட்டங்களுக்கு வரும் வசதியான பயணியர் பலவகையினர். அவர்களின் செலவுமுறையும் வேறுபடும். பாலக்காடு மாவட்டக் கொல்லங்கோட்டில் வேங்கநாட்டு அரச குடும்பத்தின் பழைய அரண்மனையான களரிக் கோவிலகத்துக்கு வருவோர் ஆயுர்வேத சிகிச்சையை நாடுபவர்கள். வாரக்கணக்கில் தங்குவார்கள், மதுவும் இறைச்சியும் கிடையாது. பெருந்தொகை கொடுத்துப் பத்தியத்தை ஏற்கும் இவர்களே தனித்துக் கவனிக்கத்தக்கவர்கள். இவர்களின் பணம் ஆடம்பரப் பொருளுக்குப் போவதில்லை. மருத்துவருக்கும், எண்ணெய்க்கும், ஓய்வுக்குமே போகிறது.

இடுக்கி மாவட்டத் தேக்கடியில், 1895இல் முல்லைப் பெரியாறு அணை உருவாக்கிய ஏரியின் கரையில், திருவிதாங்கூர் மன்னரின் கோடை மாளிகை இன்று அரசு சுற்றுலாக் கழக விடுதி. சில அறைகளே கொண்ட அவ்விடுதியில் தங்குவோர் காட்டின் தனிமைக்கே விலை கொடுக்கின்றனர். மூணாறுக்கு வரும் தேனிலவுத் தம்பதியருக்கு அறையும் வாடகைக் காருமே முதன்மைச் செலவு.