காரைக்காலில் பள்ளியும் பல்கலைக்கழகமும்

காரைக்கால், அரசலாறு கடலில் கலக்கும் இடத்தில், தமிழ்நாட்டின் நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களுக்கு நடுவே அமைந்துள்ள புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் ஒரு மாவட்டம். பரப்பளவு சுமார் 160 சதுர கி.மீ. தலைநகர் புதுச்சேரி ஏறத்தாழ 130 கி.மீ. வடக்கே உள்ளது. இங்குள்ள பள்ளிகள் ஓர் அமைப்பின் கீழும், மாணவர்கள் சென்று சேர வேண்டிய பல்கலைக்கழகம் வேறோர் அமைப்பின் கீழும் இருந்ததே இவ்வூர்க் கல்வி வரலாற்றின் தனித்தன்மை.

1739இல் காரைக்கால் பிரெஞ்சுக்காரர் வசமானது. அவர்களது ஆட்சியில் பள்ளிக் கல்வியின் இலக்குகளாக இருந்தவை பிரெவே, பக்கலோரெயா ஆகிய சான்றிதழ்கள். பிரெஞ்சிந்தியாவில் பல்கலைக்கழகம் இருந்ததில்லை. சட்டமும் மருத்துவமும் கற்பிக்கும் பள்ளிகள் புதுச்சேரியில் இருந்தன. அதற்கு மேல் படிக்க விரும்பியவர் பிரான்சுக்குக் கப்பல் ஏற வேண்டும். எல்லைக்கு அப்பால், சில மணி நேரப் பயணத்தில் இருந்த கும்பகோணத்து மாணவருக்கோ 1857 முதல் சென்னைப் பல்கலைக்கழகம் இருந்தது. பிரெஞ்சுச் சான்றிதழ் வைத்திருந்த காரைக்கால் இளைஞர் பலருக்குச் சைகோனில் எழுத்தர் வேலையோ நீதிமன்றப் பணியோதான் எட்டும் வழியாக இருந்தது.

1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தபோது, இந்தச் சான்றிதழ்கள் இனி எதற்குச் செல்லும் என்ற கேள்வி எழுந்தது. பதினைந்து வயது வரை பிரெஞ்சில் படித்த ஒரு பிள்ளைக்கு அது வாழ்க்கைக் கேள்வி. இணைப்பு வரலாற்றை எழுதுவோர் கீழூர் வாக்கெடுப்பையும் கொடி மாற்றத்தையும் விரிவாகச் சொல்லிவிட்டு இதைக் கடந்துவிடுகின்றனர். ஆனால் ஒப்பந்தம் எழுதியவர்கள் இதை மறக்கவில்லை. 1956 மே 28 அன்று கையெழுத்தான இணைப்பு ஒப்பந்தத்தில், இணைப்புக்கு முன் வழங்கப்பட்ட பக்கலோரெயா, பிரெவே முதலிய சான்றிதழ்களை உயர்கல்விச் சேர்க்கைக்கும் அரசுப் பணிக்கும் இந்தியப் பல்கலைக்கழகச் சான்றிதழ்களுக்கு இணையாக ஏற்க வகை செய்யப்பட்டது. எது எதற்கு இணை என்பது இரு நாடுகளின் கூட்டுக் கல்விக் குழுவின் பரிந்துரைப்படி முடிவாகும். பள்ளிச் சான்றிதழுக்கும் பல்கலைக்கழக வாயிலுக்கும் உள்ள தொடர்பு பன்னாட்டு ஒப்பந்தம் ஒன்றில் இடம்பெறுவது அரிது. அந்த ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான் சட்டப்படி நடைமுறைக்கு வந்தது.

அதன்பின் பள்ளிகள் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தைப் பின்பற்றின. கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்துடன் இணைந்திருந்தன. 1960களின் பிற்பகுதியில் காரைக்காலிலேயே அரசுக் கலைக் கல்லூரி ஏற்பட்டது; இன்று அது அறிஞர் அண்ணா பெயரைத் தாங்கியுள்ளது. பின்னர் பெண்களுக்கான அவ்வையார் அரசுக் கல்லூரியும் வந்தது. அக்காலத்தில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவர் புகுமுக வகுப்பு என்ற ஓராண்டுப் படிப்பைக் கல்லூரியில் படித்தார். அதற்குத் தேர்வு நடத்தியது பல்கலைக்கழகம். 1978இல் தமிழ்நாட்டில் மேல்நிலை வகுப்புகள் தொடங்கப்பட்டதும் அந்தப் பாலம் பள்ளிக்குள்ளேயே வந்துவிட்டது.

1985இல் நாடாளுமன்றச் சட்டத்தால் புதுவைப் பல்கலைக்கழகம் தோன்றியது. லட்சத்தீவும் அந்தமான் நிகோபாரும்கூட அதன் எல்லைக்குள் அடங்கின. பள்ளித் தேர்வு தமிழ்நாட்டுடையது, பல்கலைக்கழகம் நடுவண் அரசுடையது என்ற இரட்டை நிலை இவ்வாறு உருவானது. உள்ளூர் மாணவர்களுக்குச் சில பாடப்பிரிவுகளில் 25 விழுக்காடு இடங்கள் ஒதுக்கப்பட்டன. எல்லாப் பாடங்களுக்கும் அதை விரிவாக்க வேண்டும் என்ற கோரிக்கை நெடுங்காலமாக உள்ளது. பல்கலைக்கழகத்தின் வளாகம் ஒன்று பின்னர் காரைக்காலிலும் அமைந்தது. புதுச்சேரி அரசின் சென்டாக் வழி நடக்கும் தொழிற்கல்விச் சேர்க்கையில் வட்டார ஒதுக்கீடாகக் காரைக்காலுக்கு 18 விழுக்காடு உண்டு. தலைநகரப் பள்ளிகளோடு நேரடியாகப் போட்டியிட முடியாது என்பதை அரசே ஒப்புக்கொண்டதன் அடையாளம் இது.

உள்ளூர் உயர்கல்வி நிறுவனங்களும் ஒரே பல்கலைக்கழகத்தின் குடையில் வளரவில்லை. 1987இல் தொடங்கிய பண்டித ஜவகர்லால் நேரு வேளாண்மைக் கல்லூரி கோவையிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்துடன் இணைவு பெற்றது. 2010இல் வந்த தேசியத் தொழில்நுட்பக் கழகம், பெயர் புதுச்சேரி என்றாலும், இருப்பது காரைக்காலில், திருவேட்டக்குடியில். அங்கு பாதி இடங்கள் சொந்தப் பகுதி மாணவர்க்கு. ஆனால் சொந்தப் பகுதி என்பதைத் தீர்மானிப்பது வீடு அல்ல, பன்னிரண்டாம் வகுப்பு தேறிய இடம். காரைக்காலில் குடியிருந்துகொண்டு, எல்லை தாண்டிப் பொறையாறிலோ தரங்கம்பாடியிலோ மேல்நிலை படித்த மாணவர் தமிழ்நாட்டுக் கணக்கில் சேர்வார். அவருக்குரிய கழகம் திருச்சிராப்பள்ளி. வீட்டருகே உள்ள கழகத்தில் அந்தப் பாதி இடங்களுக்கு அவர் உரிமை கோர முடியாது. பேருந்தில் அரைமணி நேரத் தொலைவுக்குள் இருக்கும் பள்ளியைத் தேர்வதில் இத்தனை விளைவு இருப்பது பல பெற்றோருக்கு விண்ணப்பிக்கும்போதுதான் தெரியவருகிறது.

2023–24 கல்வியாண்டில் புதுச்சேரி, காரைக்கால் அரசுப் பள்ளிகளின் ஆறு முதல் ஒன்பது வரையுள்ள வகுப்புகளும் பதினொன்றாம் வகுப்பும் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்துக்கு மாற்றப்பட்டன. 2025இல் அம்மாணவர்கள் முதன்முறையாக அவ்வாரியத்தின் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வை எழுதினர். நடுவண் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வும் இதே பாடநூல்களை ஒட்டியதே. தமிழ்நாட்டுத் தேர்வோடு அரசுப் பள்ளிகளுக்கு இருந்த நீண்டகாலத் தொடர்பு இத்துடன் அறுந்தது. எல்லைக்கு அப்பால் உள்ள பள்ளிகளிலோ தமிழ்நாட்டுப் பாடநூல்களே தொடர்கின்றன.