உடைந்த அரமும் உடையாத சொல்லும்

"காட்டுமிராண்டிகள்" என்று வெள்ளையர் ஏடுகள் அனிஷினாபே மக்களை ஏசின. ஏசட்டும்! 1845-ஆம் ஆண்டு, கனடாவின் மானிட்டூலின் தீவிலே, அம்மக்களுள் ஒருவரான ஆவ்பன்வைஷ்கம் என்பாரை ஓவியர் பால் கேன் கண்டார். கருநிறக் கல்லிலே புகைக்குழாய்க் கிண்ணம் செதுக்கிய கலைஞர் அவர். கருவிகள் யாவை? பழைய கத்தி ஒன்று, உடைந்த அரம் ஒன்று, அவ்வளவே! கேன் குறித்து வைத்ததால் பெயர் பிழைத்தது. (பெயரிழந்த சிற்பிகள்தாம் எத்தனை பேரோ!)

அம்மக்களுக்குப் புகைக்குழாய் வெறும் பொழுதுபோக்கன்று. உடன்படிக்கைக்கு அதுவே உறுதி. புகை விண்ணுக்கு வேண்டுதலைச் சுமந்து செல்லும் என்பர். அந்நம்பிக்கை நமக்கு உடன்பாடன்று. சொல்லுக்குத் தந்த மதிப்போ வணக்கத்திற்குரியது.

வெள்ளையர் செய்ததென்ன? 1836-ல் "தீவு உங்களுக்கே" என்றனர்; 1862-ல் புதிய உடன்படிக்கை தீட்டிப் பெரும்பகுதியைப் பறித்தனர். விக்வெமிகோங் மக்கள் கையொப்பமிட மறுத்தனர். அவர்கள் மண் இன்றும் அவர்களிடமே இருக்கிறது.