லயத்துக் கோழி



தோட்டத்தில் பெரட்டுக்கு மணி அடிக்கும் முன்பே லயத்தை எழுப்பிவிடுவது சேவல்தான். தோட்டத்தின் வரலாற்றைச் சொல்லும்போது பால்மரத்தைப் பற்றிப் பேசுகிறோம். கங்காணியையும் கிராணியையும் துரையையும் பற்றிப் பேசுகிறோம். லயத்தின் பின்புறத்தில் பஞ்சாரத்துக்குள் அடைந்து கிடந்த கோழியைப் பற்றி நாம் அதிகம் பேசியதில்லை. நம் குடும்பங்களுக்கு அது உணவாகவும் மருந்தாகவும் சேமிப்பாகவும் இருந்தது. ஆகவே, அதன் வரலாற்றை இன்று சற்றே பார்ப்போம்.

கோழி இந்த மண்ணுக்குப் புதிய உயிர் அன்று. நம் நாட்டுக் காட்டோரங்களில் இன்றும் உலவும் காட்டுக்கோழியின் இனமே வீட்டுக் கோழிகளுக்கு மூதாதை. தாய்லாந்தின் நடுப்பகுதியில் பான் நோன் வாட் என்னுமிடத்தில் கிடைத்த கோழி எலும்புகள் கி.மு. 1650க்கும் 1250க்கும் இடைப்பட்டவை என்று 2022இல் ஆய்வாளர்கள் அறிவித்தனர். வீட்டுக் கோழி என்று உறுதியாகச் சொல்லத்தக்க எலும்புகளுள் மிகப் பழையவை அவையே என்பது அவர்கள் முடிவு. வயல்களில் சிந்திய நெல்லையும் தினையையும் தேடிக் காட்டுக்கோழி மனிதரை அண்டியிருக்க வேண்டும் என்றும் அவர்கள் கருதுகிறார்கள். நாம் சிந்திய தானியத்தை நம்பி வந்த உயிர் அது.

தமிழருக்கும் கோழிக்கும் உள்ள உறவு பழமையானது. முருகனின் கொடியில் சேவல் இருக்கிறது. முற்றத்தில் உலர்த்திய உணவைக் கொத்த வந்த கோழியைக் காவிரிப்பூம்பட்டினத்துப் பெண்கள் தம் காதுக் குழையை எறிந்து விரட்டினார்கள் என்று பட்டினப்பாலை கூறுகிறது. ஊரின் செல்வத்தைக் காட்டப் புலவர் சொன்ன செய்தி அது. நம் பாட்டிமார் எறிந்தது விறகுக் குச்சியைத்தான். ஆனால் முற்றமும் கோழியும் மாறவில்லை.

இனி நம் பேராக் மாநிலத்துக்கு வருவோம். 1877இல் கோலகங்சாரில் ரப்பர் கன்றுகள் நடப்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாநிலமெங்கும் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. கங்காணிகள் அழைத்துவர, தமிழகத்திலிருந்து வந்த நம் முன்னோர் லயங்களில் குடியேறினர். அவர்கள் கூலி தோட்டத்துக் கணக்குப் புத்தகத்தில் இருந்தது. கோழியோ வீட்டுப் பெண்ணின் கணக்கில் இருந்தது. பிள்ளை பெற்றவளுக்குக் கோழிச்சாறு, காய்ச்சலில் எழுந்த குழந்தைக்கு முட்டை, கடையில் உப்புக்கும் எண்ணெய்க்கும் நாலு முட்டை விற்ற காசு என்று எல்லாம் அங்கிருந்துதான் வந்தன.

துன்பக் காலங்களில் கோழியின் மதிப்பு இன்னும் நன்றாகத் தெரிந்தது. 1930களின் தொடக்கத்தில் ரப்பர் விலை வீழ்ந்தபோது கூலி குறைந்தது. பலர் இந்தியாவுக்கே திருப்பி அனுப்பப்பட்டனர். 1941 முதல் 1945 வரை ஜப்பானியர் காலத்தில் அரிசி கிடைக்காமல் மரவள்ளிக்கிழங்கே சோறாயிற்று. 1948 ஜூனில் சுங்கை சிப்புட்டில் தோட்டத்துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டதை அடுத்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. பின்னர் லயங்களைச் சுற்றி முள்வேலி எழும்பியது. பால்வெட்டப் போவோர் உணவு கொண்டு போகவும் தடை வந்தது. அத்தகைய நாட்களில் வாசலில் மேய்ந்த ஒரு பெட்டைக் கோழி எவ்வளவு பெரிய சொத்து என்பதை நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

சொத்தாக இருந்ததால் அதை அன்றாடம் அறுத்ததில்லை. தீபாவளி, பிள்ளைப்பேறு, விருந்தாளி வருகை, முனியாண்டி கோயில் பூசை ஆகியவற்றுக்கே அறுத்தார்கள். பூசையின்போது கோழியின் தலையில் தண்ணீர் தெளித்து, அது உடலைச் சிலிர்க்கும் வரை காத்திருப்பார்கள். சிலிர்த்தால்தான் சாமி உத்தரவு கொடுத்ததாகப் பொருள். கேட்காமல் ஓர் உயிரை எடுக்கலாகாது என்னும் பாடம் அந்தக் காத்திருப்பில் இருந்தது. நம் மலாய் அண்டைவீட்டார் இறைவன் பெயரைச் சொல்லி, நன்கு தீட்டிய கத்தியால் அறுப்பர். முறைகள் வேறு, உயிரை அற்பமாக எண்ணக்கூடாது என்ற எண்ணம் இரண்டிலும் உண்டு. அறுத்த கோழியில் எதுவும் வீணாகவில்லை. ஈரல் கடைக்குட்டிக்கு, கால்கள் சாற்றுக்கு, குழம்பில் ஒரு கிண்ணம் பக்கத்து வீட்டுக்கு.

ஆனால் அந்தக் காலத்தில் எல்லாம் சரியாக இருந்தது என்று சொல்வது நேர்மையாகாது. 1980களில் நாங்கள் சிறுவராக இருந்தபோது, ஒரு மழைக்காலத்தில் எங்கள் வீட்டுப் பெட்டை ஒன்று கழுத்தைத் திருகிக்கொண்டு நின்றது. பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்தது. நான்கே நாளில் பதினான்கு கோழிகள் செத்தன. அவற்றைச் சாக்கில் கட்டி ஓடையில் போட்டுவிட்டு வந்தோம். அடுத்த வாரம் ஓடையின் கீழ்ப்புறத்து லயத்திலும் கோழிகள் விழுந்தன. அடையில் உட்கார்ந்தபடியே செத்துப்போன கோழியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பாட்டி அழுததைப் பார்த்தோம். கொள்ளைநோய் வந்துவிட்டது என்று எல்லாரும் சொன்னார்கள். அதைச் சாக்கில் கட்டி அனுப்பியவர்கள் நாங்களாகவே இருக்கலாம் என்பது, ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்குப் போன பிறகே எங்களுக்கு விளங்கியது.

அந்த அடையாளங்கள் நியூகாசில் நோய்க்கு உரியவை. 1926இல் ஜாவாத் தீவிலும் இங்கிலாந்தின் நியூகாசில் நகரிலும் அது கண்டறியப்பட்டது. இந்தியாவில் ராணிகேத் நோய் என்பர். தமிழ்நாட்டில் வெள்ளைக் கழிச்சல் என்பர். எச்சத்தாலும் செத்த கோழியாலும் நம் செருப்பில் ஒட்டிய மண்ணாலும் கூட அது பரவும். வந்தபின் அதைத் தீர்க்கும் மருந்து இல்லை. வருமுன் காக்கும் தடுப்பு மருந்து உண்டு. கால்நடை நோய்களை ஆராய்ந்து தடுப்பு மருந்தும் தயாரிக்கும் ஆய்வுக் கழகம் ஒன்று 1948 முதல் நம் ஈப்போவிலேயே இருக்கிறது. அறிவு நகரத்தில் இருந்தது. சாவு லயத்தில் நடந்தது. இரண்டுக்கும் இடையே இருந்த தூரம் சில மைல்களே.

1980களில் செர்டாங்கில் இருந்த மலேசிய விவசாயப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள், ஆஸ்திரேலிய ஆய்வாளர்களோடு சேர்ந்து, வெப்பத்தைத் தாங்கும் வி4 என்னும் தடுப்பு மருந்தை உருவாக்கினார்கள். ஊசி போட வேண்டியதில்லை. தீனியில் கலந்தே கொடுக்கலாம். ஐஸ்பெட்டி வசதியில்லாத கம்பத்து வீடுகளை எண்ணிச் செய்யப்பட்ட அந்த மருந்து, ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றிலும் சோதித்துப் பார்க்கப்பட்டது.

இன்று பால்மரம் நின்ற இடங்கள் பல செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. நம்மில் பலர் அடுக்குமாடி வீடுகளில் வாழ்கிறோம். கோழி, பண்ணையிலிருந்து வருகிறது. 1957ஆம் ஆண்டு இனத்தையும் 2005ஆம் ஆண்டு இனத்தையும் கனடாவில் ஒரே தீனி கொடுத்து வளர்த்துப் பார்த்தார்கள். 56 நாளில் பழைய இனம் ஏறத்தாழ 900 கிராம் இருந்தது. புதிய இனம் 4,200 கிராம் இருந்தது. இதனால் ஏழை வீட்டிலும் இறைச்சி கிடைக்கிறது, அது நல்லதே. ஆனால் சொந்தப் பாரத்தைத் தாங்க முடியாமல் கால் நொண்டும் கோழிகளும் அந்தப் பண்ணைகளில் உண்டு. நம் நாட்டில் 2015ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம் 2017இல் நடைமுறைக்கு வந்தது. வளர்ப்பவர்கள் உணவும் நீரும் இடமும் முறையாகத் தர வேண்டும் என்பது இப்போது சட்டமும் ஆகும்.

2022 ஜூன் மாதம், உள்நாட்டில் கோழி பற்றாமல், நம் அரசாங்கம் ஏற்றுமதியை நிறுத்தியது நினைவிருக்கும். எளிதாகக் கிடைப்பது எப்போதும் கிடைக்கும் என்று எண்ணியிருந்தோம். ஆயினும் இன்றும் கல்யாண மண்டபங்களில் பாதி தின்ற கோழித் துண்டுகள் குப்பைத் தொட்டிக்குப் போகின்றன.

நேயர்களே! கோழியைச் சாப்பிடுவது பாவமா என்று விவாதிக்க நாம் இங்கு வரவில்லை. சாப்பிடுகிறவர்களுக்குச் சில கடமைகள் உண்டு என்பதே நாம் சொல்ல வந்தது. கோழி வளர்க்க இடமிருப்போர் கால்நடை இலாகாவை அணுகித் தடுப்பு மருந்தைக் கேட்டுப் பெறுங்கள். செத்த கோழியை ஓடையில் எறியாதீர்கள். ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். ஒரே சமயத்தில் பல கோழிகள் செத்தால் இலாகாவுக்கு உடனே சொல்லுங்கள். அறுக்கும்போது கத்தி கூராக இருக்கட்டும். வாங்கிச் சமைப்போர் தேவையான அளவே வாங்குங்கள். பிள்ளைகளின் தட்டில் மிச்சம் வைக்கப் பழக்காதீர்கள்.

அந்தப் பாட்டி தன் கோழியிடம் வைத்திருந்த அன்பில் குறையில்லை. அவருக்குக் கிடைக்காமல் போனது அறிவு. இன்று நமக்கு அறிவு கிடைக்கிறது. அந்த அன்பையும் விட்டுவிடாமல் இருப்போமாக.